ஐந்து ஆண்டுகளும் பதினெட்டு மாதங்களும்

ஏ.ஜே. குரோனின் 1937இல் வெளியிட்ட 'தி சிட்டாடல்' நாவலை வாசித்தவர்களுக்கு அதன் இறுதிப் பகுதி மறந்திருக்காது. இளம் மருத்துவன் ஆண்ட்ரூ மான்சன் லண்டனில் பொது மருத்துவக் கவுன்சிலின் முன் நிறுத்தப்படுகிறான். முறையான பட்டம் பெறாத ஓர் அமெரிக்கருடன் சேர்ந்து காசநோய்ப் பெண்ணொருத்திக்குச் சிகிச்சை செய்தான் என்பது அவன் மீதான குற்றச்சாட்டு. பாஸ்டர் மருத்துவரா என்று கேட்டு அவன் வாதாடுகிறான், தப்பிக்கிறான். இந்த நாவலைத் தழுவி இந்தியில் 'தேரே மேரே சப்னே' என்ற படமும் 1971இல் வந்தது.

குரோனினே மருத்துவர்தான். வேல்ஸ் சுரங்க ஊரான டிரெடெகாரில் பணியாற்றியவர். ஆகவே நாவலின் கவுன்சில் காட்சி வெறும் கற்பனையன்று. மான்சனுக்கு முன்பே, 1911இல், பிரெடரிக் ஆக்ஸம் என்ற மருத்துவர் ஏறத்தாழ இதே குற்றத்துக்காகப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். பட்டமில்லாத எலும்பு வைத்தியர் ஹெர்பர்ட் பார்க்கருக்காக நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுத்தார் என்பதே அவர் செய்தது. 1922இல் பார்க்கருக்கு சர் பட்டம் கிடைத்தது. ஆக்ஸமுக்குப் பெயர் திரும்பக் கிடைக்கவில்லை. 1926இல் நீக்கப்பட்டவராகவே இறந்தார்.

நாவலில் மான்சனின் விசாரணை சில பக்கங்களுக்குள் முடிந்துவிடுகிறது. வாசகனுக்கு அது நியாயமாகவே தோன்றும். கதைக்கு ஒரு முடிவு வேண்டுமல்லவா? ஆனால் உண்மையான மருத்துவ ஒழுங்கு விசாரணைகளின் வரலாற்றைப் படிக்கப் புகுந்தால், நாம் முதலில் முட்டிக்கொள்வது காலத்தின் மீதுதான். எத்தனை ஆண்டுக்குப் பின் வரும் புகாரை ஏற்பது? விசாரணை முடியும்வரை ஒருவரை எத்தனை மாதம் தொழில் செய்யாமல் நிறுத்தி வைப்பது? அந்தக் கெடு முடிந்தால் நீட்டிக்கலாமா? நீட்டிப்பது யார்? சட்ட நூலின் கடைசிப் பக்கங்களில் கிடக்கும் இந்த எண்கள் எத்தனை பேருடைய வாழ்வை நிர்ணயித்திருக்கின்றன என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. பிரிட்டனின் கதை இது. ஆனால் அதன் ஒரு கிளை நம் வாசல்வரை வந்திருக்கிறது.

*

1858ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் பிரிட்டனில் முதன்முறையாக மருத்துவர்களுக்கென ஒரே பதிவேட்டை உண்டாக்கியது. அதைக் காக்கும் பொறுப்பு பொது மருத்துவக் கவுன்சிலிடம் தரப்பட்டது. குற்றவாளி என நீதிமன்றம் தீர்த்த மருத்துவரையும், 'தொழில் தொடர்பான எவ்வகையிலேனும் இழிவான நடத்தை' உடையவர் எனக் கவுன்சில் கருதியவரையும் பதிவேட்டிலிருந்து நீக்கலாம் என்றது அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு. இழிவு என்றால் என்னவென்று சட்டம் சொல்லவில்லை. கவுன்சில் எது இழிவு என்கிறதோ அதுவே இழிவு.

அந்தச் சட்டத்தில் கடிகாரம் எதுவும் இல்லை. அதன் தேவையும் அன்று உணரப்படவில்லை. விபசாரம், விளம்பரம், பட்டமில்லாதவர்களுக்குத் துணைபோதல், குடி ஆகியவைதாம் கவுன்சில் வழக்கமாகக் கண்ட குற்றங்கள். அறுவைச் சிகிச்சையில் நோயாளி செத்தால் அது கவுன்சிலின் கவலையாகக் கருதப்படவில்லை. தண்டனையும் ஒன்றே ஒன்றுதான்: பெயர் நீக்கம். கவுன்சிலின் தீர்ப்பை எதிர்த்துப் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யும் உரிமை 1950இல்தான் வந்தது. நீக்காமல் சில காலம் மட்டும் நிறுத்தி வைக்கும் இடைநீக்கம் என்ற தண்டனை 1969இல் வந்தது. அதாவது நூறாண்டுகளுக்கு மேலாக, கவுன்சிலின் கணக்கில் ஒருவர் மருத்துவர், அல்லது மருத்துவரல்லாதவர். இடையில் காத்திருப்பவர் என்றொருவர் இல்லை.

இந்தப் பழைய உலகம் உடைந்தது 1990களின் இறுதியில். உடைத்தவை இரண்டு நிகழ்வுகள்.

முதலாவது பிரிஸ்டல். அந்நகரின் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில் இதயக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகள் பிற இடங்களைவிட அதிக எண்ணிக்கையில் இறந்துகொண்டிருந்தார்கள். 1988இல் அங்கு வேலைக்குச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் ஸ்டீபன் போல்சின் இதை முதலில் கவனித்தார். தாமே கணக்கெடுத்தார், மேலிடத்தில் சொன்னார். 1992இல் 'பிரைவேட் ஐ' இதழும் எழுதியது. எதுவும் நிற்கவில்லை. 1995 ஜனவரியில் ஜோஷுவா லவ்டே என்ற குழந்தையின் அறுவைச் சிகிச்சையை நிறுத்தும்படி சக மருத்துவர்கள் முந்தின இரவு வரை கேட்டார்கள். அறுவை நடந்தது. குழந்தை இறந்தது. போல்சின் பின்னர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார்.

கவுன்சிலின் விசாரணை 1997 அக்டோபரில் தொடங்கி 1998 ஜூனில் முடிந்தது. 53 குழந்தைகளின் அறுவைகளை அது ஆராய்ந்தது. அவர்களில் 29 பேர் இறந்திருந்தனர். கவுன்சில் அதுவரை நடத்தியவற்றிலேயே மிக நீண்ட விசாரணை அது. இரண்டு பேர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஒருவர் குழந்தைகளுக்கு அறுவை செய்யக் கூடாதென்று தடுக்கப்பட்டார். தீர்ப்பு வந்த மாதம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் எழுதிய தலையங்கத்துக்கு, அயர்லாந்தின் ஈஸ்டர் எழுச்சியைப் பற்றி யேட்ஸ் எழுதிய கவிதையின் வரியொன்றைத் தலைப்பாக வைத்தது. ஒரு மருத்துவ இதழ் புரட்சிக் கவிதையைத் துணைக்கழைத்தது என்றால் அத்தொழிலுக்கு நேர்ந்த அதிர்ச்சியை ஊகித்துக்கொள்ளலாம். 2001 ஜூலையில் வந்த பொது விசாரணை அறிக்கை, 1991க்கும் 1995க்கும் இடையில் ஒரு வயதுக்குட்பட்ட 30 முதல் 35 குழந்தைகள், வேறிடத்தில் நிகழ்ந்திருக்கக்கூடியதைவிடக் கூடுதலாக அங்கே இறந்தன என்றது.

இரண்டாவது ஹரால்டு ஷிப்மன். இவரைப் பற்றித் தமிழிலும் துப்பறியும் கதையின் சுவையோடு பலர் எழுதிவிட்டார்கள். நமக்கு வேண்டியது அவருடைய நாட்காட்டி மட்டும். 1976இல் டாட்மார்டன் என்ற சிற்றூரில் பணியாற்றியபோது, பெத்திடின் மருந்தைத் தமக்கே செலுத்திக்கொள்வதற்காகச் சீட்டுகளைப் போலியாக எழுதிய குற்றத்தில் நீதிமன்றம் அவருக்கு 600 பவுண்டு அபராதம் விதித்தது. கவுன்சில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியதோடு விட்டது. அடுத்த ஆண்டே ஹைட் என்ற ஊரில் மறுபடி மருத்துவராக அமர்ந்தார். 1998 மார்ச்சில் அதே ஊரின் இன்னொரு மருத்துவர் லிண்டா ரெனால்ட்ஸ், ஷிப்மனின் நோயாளிகள் இறக்கும் வேகத்தைக் கண்டு மரண விசாரணை அதிகாரியிடம் முறையிட்டார். போலீசார் மேலோட்டமாக விசாரித்து அடுத்த மாதமே கோப்பை மூடினார்கள். கோப்பு மூடப்பட்டதற்கும் செப்டம்பரில் ஷிப்மன் கைதானதற்கும் இடையில் மேலும் மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள். 2000 ஜனவரியில் 15 கொலைகளுக்காக அவர் தண்டிக்கப்பட்டார். நீதிபதி ஜேனட் ஸ்மித் நடத்திய பொது விசாரணையின் முதல் அறிக்கை 2002இல் 215 கொலைகளை உறுதி செய்தது. முதல் கொலை 1975இலேயே நிகழ்ந்திருந்தது.

அவ்விசாரணையின் ஐந்தாம் அறிக்கை 2004 டிசம்பரில் வெளிவந்தது. கவுன்சில் நோயாளிகளைக் காப்பதைவிட மருத்துவர்களின் நலனைக் காப்பதிலேயே கருத்தாக இருந்துவந்திருக்கிறது என்பது அதன் சாரம்.

*

இந்த ஆண்டுகளில்தான் ஒழுங்கு விசாரணைக்குள் கடிகாரங்கள் வந்து சேர்ந்தன. அவை ஒன்றல்ல, இரண்டு. ஒன்று புகார் கொடுப்பவரைப் பார்த்து ஓடுவது. மற்றொன்று புகாருக்கு ஆளானவரைப் பார்த்து ஓடுவது.

முதல் கடிகாரத்துக்கு ஐந்தாண்டு விதி என்று பெயர். கவுன்சிலின் 2004ஆம் ஆண்டு விதிகளில் 4(5) என்ற எண்ணில் அது இருக்கிறது. குற்றச்சாட்டு முதலில் கவுன்சிலின் கவனத்துக்கு வரும்போது, அதற்குக் காரணமான கடைசி நிகழ்வு நடந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால் அது மேலே செல்லாது. விதிவிலக்கு ஒன்றுண்டு: வழக்கின் அசாதாரணமான சூழ்நிலையில் பொதுநலன் கோருகிறது எனப் பதிவாளர் கருதினால் அனுமதிக்கலாம்.

விதிக்கான நியாயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பத்தாண்டுக்கு முன் நடந்த ஓர் ஐந்து நிமிட உரையாடலை மருத்துவர் எப்படி நினைவுகூர்வார்? செவிலியர் ஓய்வு பெற்றிருப்பார்; வார்டே இடிக்கப்பட்டிருக்கும். பழைய வழக்குகளில் நியாயம் செய்வது கடினம் என்பது உலகெங்கும் சட்டம் ஒப்புக்கொண்ட உண்மை.

ஆனால் இந்தக் கடிகாரம் எங்கிருந்து ஓடத் தொடங்குகிறது என்று பாருங்கள். இழப்பீடு கேட்டு உரிமையியல் நீதிமன்றம் செல்பவருக்கு 1980ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் மூன்றே ஆண்டுகள்தான் தருகிறது. எனினும் அந்த மூன்று ஆண்டுகளை, தமக்குத் தீங்கு நேர்ந்தது என்று அவர் அறிந்த நாளிலிருந்தும் எண்ணலாம். ஐந்தாண்டு விதியோ நிகழ்வு நடந்த நாளிலிருந்து எண்ணுகிறது. மயக்கத்தில் கிடந்தவருக்குத் தமக்கு என்ன நடந்தது என்பது தெரியாது. குழந்தையை இழந்த தாய், எல்லோர் குழந்தையும் இப்படித்தான் போலும் என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறாள். மருத்துவரால் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானவர் அதை வாய்விட்டுச் சொல்லவே பல ஆண்டுகள் ஆகும். இவர்கள் எல்லோருக்கும் ஐந்து ஆண்டு என்பது, ஓடுகிறது என்று தெரியாமலே ஓடி முடிந்த காலம்.

'கடைசி நிகழ்வு' என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. தவறுகள் தொடர்ந்தால் கடைசித் தவற்றிலிருந்து எண்ண வேண்டும். பிரிஸ்டல் போன்ற ஒன்று ஒரே குற்றச்சாட்டாகப் பார்க்கப்பட்டால் அதன் பழைய ஆண்டுகளும் உள்ளே வரும். ஒவ்வொரு குழந்தையும் தனித்தனிப் புகாராக வந்தால் முதலில் இறந்த குழந்தைகள் வெளியே நிற்கும். விதி ஒன்றுதான். கோப்பைக் கட்டும் விதத்தில் விளைவு மாறுகிறது.

இவ்விதியின் விதிவிலக்கை வைத்து ஏராளமான வழக்குகள் நடந்தன. அசாதாரணம் என்றால் எவ்வளவு அசாதாரணம்? குற்றம் கடுமையானது என்பதே போதுமா, அல்லது தாமதத்துக்கும் சிறப்பான காரணம் வேண்டுமா? புகாரை ஏற்றால் மருத்துவர் நீதிமன்றம் போனார்; மறுத்தால் புகார்தாரர் போனார். பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தில் 'அசாதாரணமான சூழ்நிலை' என்ற சொற்கள் விலக்கப்பட்டு, பொதுநலன் என்ற ஒற்றை அளவுகோல் எஞ்சியது. விதியையே அறவே எடுத்துவிட வேண்டும் என்ற குரலும், குறிப்பாகப் பாலியல் குற்றங்களை முன்னிட்டு, அண்மை ஆண்டுகளில் வலுத்தது.

*

இரண்டாவது கடிகாரம் பதினெட்டு மாதம். ஷிப்மன் தண்டிக்கப்பட்ட 2000ஆம் ஆண்டிலேயே மருத்துவச் சட்டம் திருத்தப்பட்டு, இடைக்கால ஆணைகளுக்கெனத் தனிக்குழு அமைந்தது. குற்றம் நிரூபிக்கப்படுவதற்கு முன்பே, பொதுமக்களின் பாதுகாப்புக்காகவோ பொதுநலனுக்காகவோ மருத்துவரின் நன்மைக்காகவோ அவரைத் தொழிலிலிருந்து நிறுத்தி வைக்கலாம், நிபந்தனைகள் விதிக்கலாம். அதிகபட்சம் பதினெட்டு மாதங்கள். ஆறு மாதத்துக்குள் முதல் மறுஆய்வு நடந்தாக வேண்டும். அதற்கு மேல் ஒரு நாள் வேண்டுமானாலும் கவுன்சில் தானே எடுத்துக்கொள்ள முடியாது. உயர்நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டும். நீதிமன்றம் ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு மாதம் வரை நீட்டிக்கலாம்.

இந்த அமைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. விசாரணையை நடத்துபவரும், தாமதத்துக்குப் பொறுப்பானவரும், தடையால் பயன் பெறுபவரும் கவுன்சிலே. ஆகவே நீட்டிக்கும் அதிகாரம் அதனிடம் இருக்கலாகாது என்று சட்டம் முடிவு செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இல் வழங்கிய ஒரு தீர்ப்பில், நீட்டிப்பு கேட்கும்போது நீதிபதி எதைப் பார்க்க வேண்டும் என்று வகுத்துச் சொன்னது. குற்றச்சாட்டு எவ்வளவு கடுமையானது, சான்று எத்தகையது, நோயாளிகளுக்கு என்ன ஆபத்து, வழக்கு இன்னும் ஏன் முடியவில்லை, தடை நீடித்தால் மருத்துவருக்கு என்ன கேடு என்பவை அவை. குற்றம் உண்மையா என்று நீதிபதி தீர்மானிக்க வேண்டியதில்லை. ஆனால் நீட்டிப்பு தேவை என்று காட்டும் சுமை கவுன்சிலின் தோளில் இருக்கிறது.

ஏட்டில் இது செம்மையானது. நடைமுறையில் தாமதம் தனக்கே சாட்சியாகிவிடும். இன்னும் நிபுணர் அறிக்கை வரவில்லை, போலீஸ் விசாரணை முடியவில்லை என்று கவுன்சில் சொல்லும்போது, ஆபத்தானவர் எனச் சந்தேகிக்கப்படும் ஒருவரை அறுவை அரங்குக்குத் திருப்பி அனுப்ப எந்த நீதிபதிக்கும் எளிதில் மனம் வராது.

காத்திருப்பு மருத்துவர்களை என்ன செய்தது என்பதற்கு ஓர் எண் உண்டு. 2005க்கும் 2013க்கும் இடையில், கவுன்சிலின் விசாரணையில் இருந்தபோது 28 மருத்துவர்கள் தற்கொலையாலோ தற்கொலை எனக் கருதத்தக்க வகையிலோ இறந்தார்கள் என்று கவுன்சிலே ஏற்பாடு செய்த ஆய்வு 2014 டிசம்பரில் தெரிவித்தது. அவர்களில் பலர் முன்பே மனநோயாலோ போதைப் பழக்கத்தாலோ துன்புற்றிருந்தவர்கள். விசாரணைதான் கொன்றது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் விசாரணை நீளமும் அதன் கடிதங்களின் குளிர்ந்த மொழியும் அவர்களது சுமையைக் கூட்டின என்பதைக் கவுன்சிலால் மறுக்க முடியவில்லை. நடைமுறைகளை மாற்றிக்கொள்ளத் தொடங்கியது.

இரு தரப்பும் ஒருங்கே காத்திருந்து களைத்த வழக்கும் உண்டு. 1990 முதல் 1993 வரை, குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத் திணறலுக்கு ஒரு புதுவகைச் சிகிச்சைக் கருவியைச் சோதிக்கும் ஆய்வு வடக்கு ஸ்டஃபோர்ட்ஷயரிலும் லண்டனிலும் நடந்தது. தங்கள் ஒப்புதல் முறையாகப் பெறப்படவில்லை என்று பெற்றோர் சிலர் 1997இல் கவுன்சிலிடம் புகார் செய்தார்கள். கவுன்சில் முதலில் மேலே எடுத்துச் செல்ல மறுத்தது. பெற்றோர் நீதிமன்றம் போனார்கள், 2005இல் வென்றார்கள். விசாரணை 2008இல் தொடங்கியது. பதில் சொல்ல வேண்டிய வழக்கே இல்லை என்று அந்த ஆண்டிலேயே தள்ளுபடியானது. பதினோரு ஆண்டுகள். பெற்றோருக்கு அவர்கள் கேட்ட விடை கிடைக்கவில்லை. மருத்துவர்கள் பதினோரு ஆண்டுகள் குற்றம் சாட்டப்பட்டவர்களாகவே வாழ்ந்தார்கள். இதில் யாருக்கு நீதி தாமதமானது என்று கேட்டால் இருவரையும் காட்ட வேண்டியிருக்கிறது.

*

இனி நம் பக்கம். 1914இல் சென்னை மாகாணம் இயற்றிய மருத்துவப் பதிவுச் சட்டம் இங்கிலாந்தின் பதிவேட்டு முறையை இங்கே கொண்டுவந்தது. 'இழிவான நடத்தை' என்ற சொற்றொடரும் கப்பலேறி வந்தது. 1930இல் லண்டன் கவுன்சில், இந்தியக் கல்லூரிகளின் மகப்பேற்றுப் பயிற்சியில் குறைகண்டு நம் பட்டங்களை ஏற்க மறுத்தது. அதன் விளைவாகவே 1933இன் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் பிறந்தது. 1956இல் அது புதுப்பிக்கப்பட்டது.

இந்தியக் கடிகாரத்தை 2002ஆம் ஆண்டின் நடத்தை நெறி ஒழுங்குமுறைகளில் காணலாம். மாநில மருத்துவக் கவுன்சில் புகாரை ஆறு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்கின்றன அவை. 2004இல் மேலும் இரண்டு பத்திகள் சேர்ந்தன. ஆறு மாதத்தில் முடிவில்லை, அதற்குத் தக்க காரணமும் இல்லை என்றால், மத்தியக் கவுன்சில் கெடு விதித்து விரைவுபடுத்தலாம். அல்லது புகாரையே தன்னிடம் எடுத்துக்கொண்டு ஆறு மாதத்துக்குள் முடிக்கலாம். மாநிலக் கவுன்சிலின் முடிவால் பாதிக்கப்பட்ட எவரும் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள்.

லண்டனில் கெடுவை மீறினால் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டும். இங்கே ஆறு மாதத்தை மீறினால் தானாக எதுவும் நிகழ்வதில்லை. எவரேனும் மத்தியக் கவுன்சிலுக்கு எழுதிச் சொல்ல வேண்டும். அது விரும்பினால் தலையிடும். விதியில் இருப்பது 'தலையிடலாம்' என்ற சொல்தான், 'தலையிட வேண்டும்' அன்று. அந்த மத்தியக் கவுன்சிலும் 2010இல் ஊழல் புகாரை அடுத்துக் கலைக்கப்பட்டு, பின் உயிர்பெற்று, 2020இல் தேசிய மருத்துவ ஆணையத்துக்கு இடம் விட்டது. ஆணையத்தின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மேல்முறையீடு செய்யத்தக்கவர் என மருத்துவரை மட்டுமே குறிப்பிடுகிறது. நோயாளியின் 60 நாள் என்னவாயிற்று என்பது பெரும் விவாதமானது. 2023 ஆகஸ்டில் புதிய நெறிமுறைகள் வெளியாகி அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன. பழைய 2002 விதிகளே திரும்பி வந்தன.

அவ்விதிகளில், ஐந்தாண்டு விதியைப் போல் பழைய புகாருக்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் வேறோர் இடத்தில், வேறொரு தலைப்பின் கீழ், ஓர் எண் இருக்கிறது. மருத்துவர் தம் உள்நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மூன்று ஆண்டு கழிந்தபின் அந்தக் காகிதம் இல்லாமற்போனால் அது குற்றமன்று. புகார் கொடுக்கும் உரிமை அப்போதும் இருக்கும். நிரூபிக்கத்தான் ஒன்றும் இருக்காது.

காலவரம்பு என்ற பெயரில்லாத காலவரம்பு இது. இங்கிலாந்தின் ஐந்தாண்டு விதியை எதிர்த்து வாதாட முடிந்தது, அது விதி என்று எழுதப்பட்டிருந்ததால். பதிவாளரிடம் காரணம் கேட்கலாம், நீதிமன்றத்தில் நிற்கலாம், சொற்களைத் திருத்தவும் செய்யலாம். காகிதக் கட்டு எரிக்கப்பட்ட பின் யாரிடம் நீட்டிப்பு கேட்பது? ஆகவே மருத்துவமனையில் ஓர் உறவினரை இழந்தவர்களிடம், புகார் செய்யும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நான் சொல்வது ஒன்றுதான். துக்கம் ஆறட்டும், அவசரமில்லை. ஆனால் சிகிச்சைக் குறிப்பின் நகலை மட்டும் எழுத்து மூலம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.